மண்ணை அள்ளித் தூற்றிய தோப்பு

தென்காசியில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் மனு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் உண்டு. எந்த மனுவோடு எந்தக் காகிதத்தை இணைக்க வேண்டும் என்று வக்கீல் குமாஸ்தாக்களே சில சமயம் என்னிடம் கேட்பார்கள். அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்த அக்கா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் மொத்தப் பணத்தையும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

அத்தான் அரசு வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் வேலைக்காக வந்த பணம்தான் அது. அந்தக் கம்பெனிக்காரர்கள் சாரல் சமயத்தில் ஆட்களை வேனில் ஏற்றிக் குற்றாலத்தில் குளிக்க வைப்பார்கள். மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. சாயங்காலம் வடகரைக்குக் கூட்டிப்போய்க் கம்பெனியின் தென்னந்தோப்பைக் காட்டி, ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். “உங்க பணந்தான்க்கா இங்கன காய்ச்சுத் தொங்குது” என்று முதலாளியே அக்காவிடம் சொன்னானாம். அருவியில் நின்றால் தலை மட்டுமல்ல, புத்தியும் குளிர்ந்துபோகும் போலிருக்கிறது. அக்கா மறுவாரமே பணத்தைக் கட்டிவிட்டாள்.

ஒன்றரை வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு நாள் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. முதலாளியின் போன் அணைந்திருந்தது. அக்காவால் வாடகை கொடுக்க முடியவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று, “ஒத்திக்கு ஒரு வீடு பாக்க வரைக்கும்தான்” என்றாள். எங்கள் பக்கம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வரும். அதற்குத்தான் ஒத்தி என்று பேர். ஆனால் அந்தத் தொகைக்கு அவள் எங்கே போவாள்? என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை தவறாகப் பேசாத மனுஷர். இருந்தாலும் தங்கச்சி வீட்டில் இருக்கிறோம் என்பது அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. நான் எழுவதற்கு முன்னால் வாசல் தெளித்திருப்பாள். வேண்டாம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

பணம் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்துப் போலீஸுக்குப் போனார்கள். அங்கிருந்து திரும்புகிற வழியில் யாரோ ஒருவர், “அந்தத் தோப்பையாவது போய்ப் பாப்போம்” என்று சொல்ல, வேன் வடகரைக்குத் திரும்பியது. கேட் பூட்டியிருந்தது. அதன் முன்னால் குனிந்து முதல் பிடி மண்ணை அள்ளியவள் என் அக்கா. “நாசமாப் போவான், எங்க வயித்துல அடிச்சவன் கட்ட மண்ணாப் போவான், இந்தத் தோப்பு ஒருத்தனுக்கும் வெளங்காது” என்று தூற்றினாள். மற்ற பெண்களும் அள்ளித் தூற்றினார்கள். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். கடையத்திலிருந்து செங்கோட்டை வரை அதைப் பார்க்காதவர் இல்லை. என் கடைக்கு வந்தவர்களே என்னிடம் காட்டினார்கள்.

நம் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ஜனங்களிடம் டெபாசிட் வாங்கி ஏமாற்றிய கம்பெனியின் சொத்தை அரசாங்கமே முடக்கலாம். கோர்ட் ஒப்புக்கொண்டால் அதை ஏலம் விட்டு, வந்த பணத்தைப் போட்டவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். இந்த வேலை மாவட்ட வருவாய் அலுவலருடையது. முதலாளியைப் பிடித்து ஜெயிலில் வைத்தார்கள், அதனால் அக்காவுக்கு ஒத்திக்கு வீடு கிடைத்துவிடுமா? ஆகவே எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் மரியாதை உண்டு. புகார் மனுக்களை நானே டைப் அடித்துக் கொடுத்தேன், அக்காவின் கூட்டாளிகள் என்பதால் ஜெராக்ஸுக்குக் காசும் வாங்கவில்லை. ஒரே ஒரு சங்கடம். சட்டம் பிடுங்கித் தரும்தான், ஆனால் பிடுங்குவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். முதலாளியின் வீடு, கார் எல்லாம் வேறு யார் யார் பேரிலோ இருந்தன. கம்பெனி பேரில் இருந்தது வடகரைத் தோப்பு ஒன்றுதான்.

அரசாணை வந்தது, தோப்பு ஜப்தியானது, இந்த வழக்குகளுக்கென்றே உள்ள மதுரைக் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா போனது. கடைசியில் ஏலத்துக்கு உத்தரவு வந்தபோது அக்கா பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டாள். ஏல நாளன்று வருவாய் அலுவலகத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. பணம் போட்டவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை.

சரி, அடுத்த ஏலத்துக்கு ஆள் வரும் என்றார்கள். அதற்கும் வரவில்லை. ஆரம்ப விலையைக் குறைத்துத்தான் மூன்றாம் தடவை விட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். குறைகிற ஒவ்வொரு ரூபாயும் இவர்கள் பங்கிலிருந்துதான் குறையும். தண்ணீரும் பாதையும் உள்ள தோப்பை ஏன் ஒருவரும் சீண்டவில்லை என்று எனக்கு மண்டை காய்ந்தது.

விடை என் கடைக்கே வந்தது. புளியரைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் ஏல அறிவிப்பை நகல் எடுக்க வந்தார். வாங்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

“தோப்பு நல்ல தோப்பு, கொள்ளாம். ஆனா பொம்பளைங்க மண்ணள்ளித் தூத்துன எடமாச்சேம்மா. நான் எடுத்தா எம் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா” என்று சொல்லி, போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். முன்னால் நிற்பது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. “இவங்களே வந்து சொன்னத எடுத்துட்டாங்கன்னா, கேக்கதுக்கு நாலு பேரு வருவான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது. அரசாங்கம் ஆணை போட்டு, கோர்ட் உத்தரவு போட்டு, இவர்களுக்காக விற்கிற தோப்பை இவர்கள் வாயே விற்கவிடாமல் செய்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கடைக்கு வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். போய்ச் சூடம் கொளுத்திச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அக்கா மட்டும் தலையாட்டவில்லை. அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ரிட்டயர்டு வாத்தியார் அவளிடம் பதமாகச் சொன்னார்.

“ஏம்மா, மொத மண்ணு நீ அள்ளுனது. வீடியோல எல்லாரும் ஒன்னத்தான் பாக்காவ. நீ வந்தாத்தான் ஊரு நம்பும்.”

“நான் எதுக்கு அண்ணாச்சி எடுக்கணும்? அவன் எம் பணத்தத் தின்னுட்டு ஜாமீன்ல வந்து கார்ல போவுதான். எங்கிட்ட மிச்சம் இருக்கது அந்தச் சொல்லு ஒண்ணுதான். அதையும் குடுத்துரணுமோ?”

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “சாபத்த வச்சுக்கிட்டா ஒத்திக்கு வீடு குடுப்பானாக்கா?” என்று கேட்டேன்.

“நான் இருக்கது ஒனக்குப் பாரமா இருக்குன்னா வெளிப்படையாச் சொல்லிருட்டி” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கடையை இழுத்துச் சாத்திவிட்டேன். வீடு வரை அக்கா எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

போக வேண்டிய நாளில் நான் அவளைக் கூப்பிடவில்லை. வேன் வந்து நின்றபோது அவளே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவும் இல்லை.

வடகரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தோப்பு கேட்டில் ஜப்தி அறிவிப்புப் பலகை தொங்கியது. பெண்கள் சூடம் கொளுத்தினார்கள், அது அணைய அணையத் திரும்பக் கொளுத்தினார்கள். தேங்காய் உடைத்து, “பூமாதேவி, தெரியாமச் சொல்லிட்டோம், பொறுத்துக்கோ” என்று கும்பிட்டார்கள். வாத்தியார் அண்ணாச்சி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் முடித்த பிறகு அக்கா முன்னால் வந்தாள். குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை அள்ளினாள். மறுபடியும் தூற்றப் போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் கேட்டின் கம்பிகளுக்குள் கையை விட்டு, பக்கத்தில் நின்ற தென்னையின் தூரில் அந்த மண்ணை வைத்து அழுத்தினாள்.

“ஒனக்குச் சொன்னது தப்பு. நீ யாரு பணத்தத் தின்ன? ஒனக்குச் சொன்னத எடுத்துட்டேன். ஒன்ன ஏலத்துல எடுக்கவன் நல்லா இருக்கட்டும்.” பிறகு அண்ணாச்சியின் போனைப் பார்த்துத் திரும்பினாள். “அந்த முதலாளிக்குச் சொன்னத எடுக்க மாட்டேன். அது அப்படியே நிக்கட்டும். ரெண்டும் பதிஞ்சுதா, அண்ணாச்சி?”

பதிந்தது. அந்த வீடியோவும் கடையம் வரை போய்ச் சேர்ந்தது. மூன்றாம் ஏலத்தில் புளியரை வியாபாரியும் சுரண்டைக்காரர் ஒருவரும் போட்டி போட்டார்கள். குறைத்து வைத்த விலை பழைய விலையையும் தாண்டிப் போனது. கடைசியில் எடுத்தவர் புளியரைக்காரர்தான். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தார்.

அதற்குப் பிறகும் கோர்ட், சரிபார்ப்பு, பாங்க் கணக்கு விவரம் என்று மாதக் கணக்கில் இழுத்தது. சட்டம் நல்ல சட்டம்தான், நடைதான் மெதுவான நடை. ஒரு மத்தியானம் அக்கா என் கடைக்குப் போன் செய்தாள். ஏதோ மெசேஜ் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்ல ஆளில்லை என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். போட்டதில் பாதிக்குச் சற்றுக் கூடவே வந்திருந்தது. வட்டி கிடையாது. மேலகரத்தில் சின்ன வீடாக ஒத்திக்குப் பார்க்கலாம், அதற்குப் போதும் என்று நான் கணக்குச் சொன்னேன். அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுவதும் வரவில்லையே என்று அழுவாள் என்று பார்த்தால், “பசிக்கி, சாப்பிடுவோமா?” என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான்தான் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்தவள் எழுந்திருக்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னும் கொஞ்சம் சோறு வையிட்டி.”

வைத்தேன். என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா மறுசோறு கேட்டது அதுதான் முதல் தடவை. சர்க்கரை வியாதிக்காக அளந்து சாப்பிடுகிறாள் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.