அக்கா ஓடிய திசை

எங்கள் அப்பா கைதட்டி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மரவள்ளி நல்ல விலைக்குப் போன வருஷம்கூட அவர் கைதட்டியதில்லை. பத்தாவதில் நான் பள்ளிக்கே முதலாவதாக வந்தபோது "உம்" என்றார், அவ்வளவுதான். என் அக்கா ரக்பி ஆட்டத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துத்தான் கைதட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப்போடுகிறது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஊர். அக்கா சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். பள்ளியில் கோகோ ஆடிக்கொண்டிருந்தவளை அங்கே ஒரு பயிற்சியாளர் பார்த்து ரக்பிக்கு இழுத்துக்கொண்டார். அதிலும் பக்கத்துக்கு ஏழு பேர் மட்டும் ஆடுகிற ரக்பி. மூன்றாம் வருஷம் படிக்கும்போது இந்திய அணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஆசிய நாடுகள் ஆடும் போட்டி, மூன்று சுற்று, மூன்று நாட்டில். எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் எல்லாம் கட்டட வேலைக்குப் போனவர்கள். விளையாடுவதற்காக விமானம் ஏறப்போகிறவளை ஊர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தது.

அம்மாவுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அக்கா பழைய ஆட்டம் ஒன்றைப் போனில் காட்டியது தப்பாகப் போயிற்று. ஒருத்தி பந்தோடு ஓட, இன்னொருத்தி பாய்ந்து இடுப்பைப் பிடித்து அவளைத் தரையில் சாய்த்தாள். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இது இன்னாடி, ஆட்டமா அடிதடியா?"

அன்று சாயங்காலமே சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அக்காவைச் சத்தியம் பண்ணச் சொன்னாள். ரத்தம் வந்தாலோ எலும்பு ஒடிந்தாலோ அன்றோடு ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து, மாமா பார்த்து வைத்திருந்த ஆத்தூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அக்கா யோசிக்கவேயில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

அம்மா ஆட்டத்தைப் பார்க்க மாட்டாள், பார்த்தால் மனசு தாங்காது. அதனால் பார்த்து வந்து சொல்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் அக்கா, மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்த மாடியில் கரித்துண்டால் கோடு போட்டு எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். உரித்த தேங்காய்தான் பந்து. பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளிடம்தான் கொடுக்க வேண்டும். எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. ஏழு நிமிஷத்தில் பாதி ஆட்டம் முடிந்துவிடும், உடனே இரண்டு அணியும் பக்கம் மாற வேண்டும். அந்தப் பக்கம் மாறுகிற விஷயம்தான் எனக்கு மண்டையில் ஏறவில்லை. திரும்பத் திரும்பத் தேங்காயைச் சொந்தக் கோட்டிலேயே கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

முதல் சுற்றை நான் தனியாகத்தான் பார்த்தேன், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் அங்கேதான் சிக்னல் எடுக்கும். இரண்டாவது ஆட்டத்தில், நெட்டையாக ஒருத்தி ஓடி வந்தாள். அக்கா குனிந்து அவள் காலைக் கட்டினாள். அவளுடைய முழங்கால் அக்காவின் இடது காதுக்கு மேலே மோதியது. அக்கா விழுந்தாள், அசையவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மைதானத்துக்குள் ஓடிவந்தார். அவர் கிட்டே வருவதற்குள் அக்கா எழுந்து நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள்.

ராத்திரி என்னைக் கூப்பிட்டாள்.

"பாத்தியாடி?"

"பாத்தேங்க்கா."

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"எலும்பு ஒடைஞ்சுதா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? அம்மாகிட்ட சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

வக்கீல்கூட அப்படி மடக்க முடியாது என்று நினைத்தேன். அக்காவின் ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் போய், "ஒரு கீறல்கூட இல்ல" என்று சொன்னேன். சொல்லப்போனால் அது நிஜமும்கூட.

இரண்டாவது சுற்றுக்கு முன் நான்கு நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். பெயருக்குத்தான் எண்ணெய்க் குளியல், நடந்தது சோதனை. கால் கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். தொடையில் பச்சையாக ஒரு கன்றிப்போன தடம் இருந்தது. "பிளேன்ல சீட்டு இடிச்சிக்கிச்சும்மா" என்றாள் அக்கா. விமானத்தில் ஏறியிராத அம்மா அதை நம்பினாள். கடைசியில் உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுக்கச் சூடு பறக்கத் தேய்த்தாள். காதுக்கு மேலே விரல் போனபோது அக்கா துவைக்கிற கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியவள் திறந்து என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். "சாமி புண்ணியத்துல பழுது இல்ல" என்று அம்மா சீயக்காய் எடுத்துவர உள்ளே போனாள்.

அந்த நான்கு நாளும் அக்கா குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கச்சிராயபாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்டாள். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தாள். நான் "கெழவி, கெழவி" என்று கேலி செய்தேன். அம்மாவும் சிரித்தாள். "ஊருக்குப் பொறப்படற நெனப்புல இருக்கா, உடுடி" என்றாள். வீடே சிரித்தது, அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டாவது சுற்றுக்குச் சித்தப்பா வீட்டு டிவியில் போனை இணைத்துக் கூட்டமே கூடிவிட்டது. அம்மா மட்டும் உள்ளே வராமல் வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மரவள்ளிக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த அப்பா கால் கழுவி, முகம் துடைத்து, நாற்காலியில் உட்காருவதற்குள் முதல் பாதி முடிந்துவிட்டது. அணிகள் பக்கம் மாறியதை அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள், ஆனால் அது எதற்கென்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து அக்காவிடம் வந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி ஓட ஆரம்பித்தாள்.

அவ்வளவு அழகாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை. எதிராளிகளில் ஒருத்திகூடத் துரத்தவில்லை. அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நம் அணியில் ஒருத்தி மட்டும் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். சித்தப்பா எழுந்துவிட்டார். "கூட ஆட்றவளாலயே புடிக்க முடியல, கத்திக்கினு வரா பாரு" என்றார். அக்கா கோட்டைத் தாண்டி, குனிந்து, இரண்டு கையாலும் பந்தைத் தரையில் வைத்தாள். வீடு அதிர்ந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். மண் போகாத அந்தப் பெரிய கைகளின் சத்தம் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது.

அது எங்கள் கோடு. முதல் பாதியில் ஓட வேண்டிய திசையில் இரண்டாம் பாதியில் ஓடியிருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். திரையில் அக்கா நிமிர்ந்து சிரித்தபடி சுற்றிலும் பார்த்தாள். பின்னால் ஓடிவந்தவள் அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். அப்போது அக்காவின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தை எந்தப் பக்கம் போவதென்று விழிக்குமே, அந்த முகம். அடுத்த நிமிஷம் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது சுற்றுக்கு அக்கா போகவில்லை. முதல் அடி ஆறுவதற்குள் பயிற்சியில் இன்னும் இரண்டு முறை தலையில் இடிபட்டிருக்கிறது, அதையும் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு வருஷம் ஜன்னல் சாத்திய அறையில் கிடந்தாள். ஆத்தூர் மாப்பிள்ளைப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. இன்றைக்கு நடமாடுகிறாள், வேலைக்குக்கூடப் போகிறாள். ஆனால் சில நாள் என்னைக் கூப்பிட வாயெடுத்து, பெயருக்காக ஒரு கணம் தயங்குவாள். விஷயம் வெளிவந்தபோது அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எண்ணெய் தேய்த்த தன் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

ஆனால் அன்றைக்கு, சித்தப்பா வீட்டில், எனக்கு அக்காமேல் வெட்கமாகத்தான் இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவளே மறந்துவிட்டாளே என்று கோபமும் வந்தது. ஊர் முன்னால் அவள் மானம் போகக் கூடாது, நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இப்ப அக்கா எத்தினி பாயிண்டு எடுத்தா?"

"அஞ்சுப்பா" என்றேன்.

வாசலிலிருந்து திரும்பாமலே அம்மா கேட்டாள்: "அடி கிடி பட்டுச்சாடி?"

"ஒண்ணும் படலம்மா."

அப்பாவிடம் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டதாக அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.