ஏலம் விடுகிறவருக்கு ஒரு மென்பொருள்

என் அண்ணன் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வலியைவிட, இனி ஏலம் விட முடியாதே என்பதுதான் அவரை அரித்தது. தட்டச்சு செய்வதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன். திருவொற்றியூரில் என் வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தேன்.

லினக்ஸில் மென்பொருள் நிறுவ எது நல்ல வழி என்று இணையத்தில் வெட்டு குத்து நடக்காத குறையாகச் சண்டை போடுகிறார்கள். வேலையற்றவர்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது வரிவரியாகப் படித்தேன்.

முதலில் இயங்குதளத்தின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து ஒரே கட்டளையில் நிறுவினேன். சட்டென்று வந்துவிட்டது. ஆனால் பழைய பதிப்பு, தமிழைக் கடித்துத் துப்பியது. அடுத்தது, தனக்கு வேண்டிய சகலத்தையும் தானே மூட்டை கட்டிக்கொண்டு வரும் ரகம். குரல் அருமை. என் கணினியில் அது எழுந்து வாயைத் திறப்பதற்குள் நாலு கூடை கைமாறிவிடும். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

மூலநிரலை இறக்கி நாமே தொகுப்பதுதான் மிச்சம். அதற்குத் துணையாக வேண்டிய ஏதோ ஒரு நிரல் இல்லை என்றது கணினி. அதைப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. எந்த அரசாங்க ஆபீசும் என்னை இப்படி அலைக்கழித்ததில்லை. திரையில் ஓடும் எழுத்துகளை அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக நிறுவி முடித்து, அண்ணன் தட்டியதும் பேசியது. அண்ணி அழுதுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை ஒலிபெருக்கியோடு துறைமுகத்துக்குப் போனோம். ஏலம் என்றால் அங்கே கூச்சல்தான். விடுகிறவர் கத்துவார், எடுக்கிறவர்கள் பாதியில் வெட்டி அவருக்கு மேல் கத்துவார்கள். அதில்தான் விலை ஏறும். அண்ணன் தட்டினார். "வஞ்சிரம், ஒரு கூடை" என்றது கணினி. காலங்காலமாக அண்ணனோடு மல்லுக்கட்டியே மீன் எடுக்கும் வியாபாரி ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"கம்முனு இருங்கப்பா. அண்ணன் பேசிக்கினு கீறாரு."

கூட்டம் அப்படியே அடங்கியது. அண்ணன் தட்டிய விலைக்கு, பேரம் பேசாமல் அந்த வியாபாரியே கூடையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை.

அண்ணன் அடுத்த கூடைக்குத் தட்டவில்லை. கணினியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். யாரும் இடிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் வேறொருவர் ஏலத்தை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள்.