ராணி வளர்த்த பூனை

போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இத்தாலியின் பலெர்மோ இலக்கம். பேசியவர் தோத்தோ, ராணி வேலை செய்த பப்பின் முதலாளி. எப்போதும் கடைத்தெருவில் மீன் விற்பவர் போலக் கத்திப் பேசுகிற மனிதர் அன்று மெதுவாகப் பேசினார். ராணி இரவு படுத்தவள் காலையில் எழும்பவில்லையாம். "சரி" என்றேன். மற்றச் சப்பாத்தையும் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

தொண்ணூறுகளில் பலெர்மோவில் இருந்த நம்மவர்களுக்கு ராணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நம்மில் பலர் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுதினால் ராணி மேலேயிருந்து சிரிப்பாள், "எடி வசந்தி, நல்லாத்தான் புளுகுறாய்" என்று.

பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அறையில் மூன்று பெண்கள் இருந்தோம். நான் யாழ்ப்பாணம், ராணி மன்னார், மூன்றாமவள் கொஞ்ச நாளில் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். ராணியின் கணவர் கலியாணம் கட்டி ஒரு வருடத்துக்குள் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பிள்ளையும் இல்லை. மற்றவர்களைப் போல நான் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் சமைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராணி மட்டும் தோத்தோவின் பப்பில் கிளாஸ் கழுவப் போனாள். ஆறு மாதத்தில் அவளைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார் தோத்தோ.

பப் இருந்த அந்த ஒழுங்கையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பப் ஒரு காலத்தில் குதிரைகள் கட்டிய இடம். எதிரே, பழைய யுத்தத்தில் குண்டு விழுந்து கூரையில்லாமல் நிற்கும் ஒரு பெரிய வீடு. அதன் இடிந்த கற்களில்தான் மாணவர்களும் காதலர்களும் பியர்க் கிளாஸோடு குந்தியிருப்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து ராணி சொன்னாள்: "இவங்கள் ஐம்பது வருசமா அதைத் திருத்தேல்லை. எங்கடை வீடுகளை நாங்கள் பத்து வருசத்திலை திருத்திப் போடுவம், பாரன்." அந்தப் பத்து வருடம் எப்போதோ போய்விட்டது.

ஒரு சொட்டும் வாயில் வைக்காதவள் பியர் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். கிளாஸைச் சரித்துப் பிடித்து, பாதியில் நிறுத்தி, நுரையை அடங்கவிட்டு, மறுபடி ஊற்றி, மேலே நின்றதைக் கத்தியால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவாள். எவனாவது அவசரப்படுத்தினால் தமிழிலேயே சொல்வாள்: "பொறு தம்பி, தேர் ஒண்டும் போகேல்லை." அந்தப் பெடியன்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் பொறுப்பார்கள். மன்னாரில் பள்ளிக்கூட வாங்கில் குந்தியிருக்க வேண்டிய பிள்ளைகளைப் பார்ப்பது போலத்தான் அவள் அவர்களைப் பார்த்தாள்.

நம்மவர்களிடம் அவளுக்கு இருந்த பெயர் "பார்க்காரி". பூசைக்குப் போனால் பெண்கள் ஒரு இருக்கை தள்ளி உட்காருவார்கள். தெருவில் கண்டால் நானும், கூட யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன். என்ன வெட்கங்கெட்ட புத்தி! அவள் கோபப்படவில்லை. "அவையின்ரை புருசன்மார் வாசலிலை வந்து, பிள்ளை, ஒண்டு தாவன், வீட்டை சொல்லாதை எண்டு கேக்கேக்கை நான் முகத்தைத் திருப்புறனோ? வாங்கோ அண்ணை எண்டுதானே சொல்லுறன்," என்பாள்.

ஆனால் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பப் வேண்டியிருந்தது. காரணம், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி. எங்கள் அறைகளில் தொலைபேசி இல்லை. சிஞ்ஞோராக்களின் வீட்டுக்கு அழைப்பு வந்தால் அவர்களின் முகம் சுருங்கும். ராணி தோத்தோவிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களை எங்களுக்கு வாங்கித் தந்தாள். ஊரில் சனங்கள் பாஸ் என்கிற பயண அனுமதி எடுத்து, வவுனியா வரை வந்து, தொலைபேசிக் கடையில் காத்திருந்து அழைப்பார்கள். கடிதத்தில் முன்கூட்டியே நாளும் நேரமும் எழுதிவிடுவார்கள். "இது எங்கடை வீட்டு நம்பர்" என்று நாங்கள் எல்லோரும் கொடுத்தது ஒரு குடிக்கடையின் இலக்கத்தை!

ராணியும் தாயிடம் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்ப்பதாகத்தான் சொல்லியிருந்தாள். அதனால் தொலைபேசி அடித்ததும் கிளாஸ் துடைக்கும் துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். தோத்தோ பாட்டை நிறுத்துவார். உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் கிளாஸையும் வைத்துவிடுவார்கள். அந்த ஊரில் பத்துப் பேர் சேர்ந்து வாயை மூடியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருநாள் ஒருவனின் கை தட்டி ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது. "அது பூனை, அம்மா," என்றாள் ராணி. பிறகு அதை அவள் அவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க, அடுத்த கிழமையிலிருந்து கதிரை இழுபட்டால்கூட மூலையிலிருந்து எவனாவது "மியாவ்" என்று கத்தத் தொடங்கினான். தாய் அடுத்த அழைப்பில் பூனையின் பெயரைக் கேட்டாவாம். "தோத்தோ" என்று சொல்லிவிட்டாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஊரை விட்டு வந்தபோது என் மகள் சுகிக்கு மூன்று வயது. அவளின் தகப்பன் அப்போது உயிரோடில்லை. அவளை அக்காவிடம் விட்டு, அவளின் ஒரு படத்தையும் ஒரு சட்டையையும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பெர்மெசோ என்கிற வதிவிடப் பத்திரம் சரியானதும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அது இழுபட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுக்க இடம்பெயர, அக்காவும் சுகியும் வன்னிக்குப் போனார்கள். மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. தொண்ணூற்றாறில் ஒரு கடிதம் வந்தது. இன்ன ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வவுனியாவிலிருந்து அழைப்போம், பிள்ளை உன் குரலைக் கேட்க வேண்டுமென்று அழுகிறாள், மூன்று நிமிடம் கதைக்கலாம் என்று அக்கா எழுதியிருந்தா.

அந்த வருடம்தான் கொழும்பில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு நாட்டில் இரண்டு நேரம். சனங்கள் பழைய நேரமோ புது நேரமோ என்று கேட்டுத்தான் நாள் குறிப்பார்கள். ராணி கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா எந்த நேரத்தைச் சொல்லுறா?"

"வவுனியாவிலை புது நேரம்தானே. இதுகூடத் தெரியாதோ?" என்றேன். எட்டாம் வகுப்பில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் நான். விரலை மடித்து எண்ணி, எங்கள் நேரம் மூன்றரை என்று முடிவு செய்தேன்.

அன்று புனித ரொசாலியாவின் திருவிழா. நகரம் முழுக்கச் சனம், வெயில், மேளம். என் சிஞ்ஞோராவின் மாடத்திலிருந்து ஊர்வலம் தெரியும் என்பதால் விருந்தினர்கள் வருவார்கள். நாலரைக்கு நான் அங்கே நிற்க வேண்டும். மூன்று மணிக்கே பப்புக்குப் போய்த் தொலைபேசியின் கீழே நின்றேன். மூன்றரை ஆனது. நாலு ஆனது. வெளியூர்ச் சனம் உள்ளே நிறைந்துகொண்டிருந்தது. ராணி மெல்லச் சொன்னாள், "இன்னும் கொஞ்சம் நில்லன். அக்கா வன்னியிலை இருந்துதானே எழுதினவ." நான் கேட்கவில்லை. வேலை போனால் பெர்மெசோவும் போகும். நாலேகாலுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

நாலரைக்கு, அக்காவின் கைமணிக்கூட்டில் பழைய நேரம் சரியாக எட்டுக்கு, தொலைபேசி அடித்திருக்கிறது.

தோத்தோ தானே ஓடி வந்தார். அந்தப் பெரிய உடம்போடு சனத்தைப் பிளந்து அவர் சிஞ்ஞோராவின் கதவைத் தட்டியபோது நான் மாடத்தில் தட்டம் ஏந்திக்கொண்டு நின்றேன். தட்டத்தை யார் கையில் கொடுத்தேன் என்று தெரியாது. ஏப்ரனோடு ஓடினேன். பப்புக்குள் நுழைந்தபோது ராணி, கொளுவி வைத்த தொலைபேசியின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"கதைச்சனியோ?"

"ஓம். அக்கா பிள்ளையிட்டைக் குடுத்திட்டா. பிள்ளை, அம்மாவோ எண்டு கேட்டது." ராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஓம் எண்டிட்டன்."

அந்த இடத்திலேயே நான் பேயாட்டம் ஆடினேன். ஆரடி உன்னைக் கேட்டது என்றேன். என் பிள்ளையைக் களவெடுத்துவிட்டாய் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "பிள்ளை பெறாத உனக்குப் பிள்ளை வேணுமெண்டால் வேறை எங்கையும் தேடு," என்றும் சொன்னேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் சொன்னேன். என் கணக்குப் பிழைத்த கோபத்தை நான் யார் தலையில் இறக்குவது?

"எடி, அவள் என்ன சொன்னவள் எண்டாவது கேளன்," என்றாள்.

"கேக்க மாட்டன்," என்றேன். அந்தக் கிழமையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோவில் வேறு அறைக்குப் போனேன்.

மூன்று வருடம் அவளோடு கதைக்கவில்லை. அந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்கள் தானாக அல்பெர்கேரியாப் பக்கம் திரும்பும். ஒழுங்கை முனையில் நின்று, உள்ளே பாட்டு நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். என் வீம்பு அப்படி.

ஒருவழியாகப் பத்திரங்கள் சரிவந்து சுகி வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது. விமான நிலையத்தில் நான் கட்டிப்பிடித்து அழ, அவள் ஒரு விருந்தாளி போல நின்றாள். வீட்டுக்கு வந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, பூனையள் எங்கை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அண்டைக்கு ரெலிபோனிலை கன பூனை கத்தினதே," என்றாள். விளங்கியது. அந்தத் திருவிழா இரைச்சலில், ராணி துணியைத் தூக்கிப் பிடிக்க, புதுச்சனத்தை அடக்க வழி தெரியாமல் பழைய பெடியன்கள் எல்லோருமாக மியாவ் என்று கத்தியே இரைச்சலை மூடியிருக்கிறார்கள்.

பிள்ளையின் கையைப் பிடித்து அப்போதே கூட்டிக்கொண்டு போனேன். ராணி கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, சுகிக்கு முன்னால் குந்தினாள். "பூனை இப்பதான் வெளியிலை போட்டுது, குஞ்சு," என்றாள். மூலையில் யாரோ "மியாவ்" என்றான். சுகி சிரித்தாள். என்னிடம் வந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. ராணி எழுந்து என்னைப் பார்த்து, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்றாள். ஓம் என்றேன். எங்கள் சண்டை முடிந்தது.

பிறகு நான் லண்டனுக்கு வந்தேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கதைப்போம். அந்த மூன்று நிமிடத்தில் என் பிள்ளை என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய் என்று கேட்க ஒவ்வொரு முறையும் வாய் உன்னும். கேக்க மாட்டன் என்று சொன்னவள் எந்த முகத்தோடு கேட்பது? அடுத்த நத்தாருக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மிலானோவில் இருக்கும் சுகிக்கு எடுத்துச் செய்தியைச் சொன்னேன். அழுதாள். அவள் ஓயும்வரை இருந்து, அத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "அண்டைக்கு வவுனியாவிலையிருந்து நீ கதைச்சது என்னோடை இல்லை, பிள்ளை."

"தெரியும் அம்மா. பூனை பாக்கப் போன அண்டு ராணி அன்ரி வாயைத் திறந்த உடனையே தெரிஞ்சுபோச்சு. நீங்கள் ரெண்டு பேரும் சொல்லேல்லை. நானும் விட்டிட்டன்."

"அவள் உனக்கு என்னடி சொன்னவள்?"

"சாப்பிட்டியோ எண்டு கேட்டவ. காலுக்குச் செருப்பு இருக்கோ எண்டு கேட்டவ. பிறகு, உன்ரை மஞ்சள் சட்டையைத் தலையணைக்குக் கீழை வைச்சுத்தான் ஒவ்வொருநாளும் படுக்கிறன், தோய்ச்சால் உன்ரை மணம் போயிடும் எண்டு தோய்க்கிறேல்லை எண்டு சொன்னவ. அதை நினைச்சுத்தான், அம்மா, வன்னியிலை மிச்ச நாளெல்லாம் இருந்தனான்."

அந்தச் சட்டையைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் பெட்டியிலிருந்து எடுப்பேன். கடைசியாக வேலை முடிந்து வருகிறவள் ராணி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் எழும்பிவிடாமல் இருட்டில் நடந்து வருவாள். கண்டிருக்கிறாள். கண்டும் ஒரு நாள் கேட்டதில்லை.

ராணியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மூன்று நிமிடம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிந்தித்தான் கைக்கு வந்தது. "ஓம்" என்ற ஒரு சொல்லைத் தவிர, அதில் அவள் என் பிள்ளைக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. மஞ்சள் சட்டை என் அலுமாரியில் இருக்கிறது. இன்னும் தோய்க்கவில்லை.