கண்ணாடிக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. தூக்க மாத்திரை போடுகிறதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போன மாதம்தான் நம்பர் பார்த்து மாற்றினேன். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்விகள் இவைதான் என்பதால் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நடந்தது நடந்ததுதான்.

இருபத்திரண்டு வருஷமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சுவரில் மூன்று திரைகள் தொங்கும். ஒன்றில் கண்ணாடிக் கோபுரம், ஒன்றில் பெரிய பாலம், ஒன்றில் நீரூற்று. எங்கள் நகரம் என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது இந்த மூன்றும்தான். ஆனால் இங்கே பிழைக்க வந்த டிரைவர், சமையல்காரர், கட்டட வேலைக்காரர் யாருக்கும் அங்கே போய் நின்று படம் எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. என் திரைக்கு முன்னால் நின்று எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரவல் கோட்டும் கொடுப்பேன். அந்த ஒரே கோட்டு எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு தம்பி வந்தான். கண்ணாடிக் கோபுரத்தில் உடைந்த கண்ணாடிகளை மாற்றுகிறவன். உடம்பெல்லாம் தூசி, கையெல்லாம் பசை. கோபுரத் திரைக்கு முன்னால் ஒரு படம் வேண்டும் என்றான். அங்கேயே வேலை செய்கிறவனுக்கு என் திரை எதற்கு என்று கேட்டேன். வேலைக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போக வேண்டுமாம். செல்போன் கொண்டுபோகக் கூடாதாம். ஊரில் ஒன்பது வயது மகள். அப்பா அந்தக் கோபுரத்தில் வேலை செய்கிறார் என்று அவள் சொன்னால், பள்ளிக்கூடத்தில் புளுகு என்று சிரிக்கிறார்களாம். இப்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

அன்றைக்கு எனக்குத் தலைவலி. எரிந்து விழுந்தேன். "இந்தக் கோலத்துலயா? திரை பாழாயிடும். குளிச்சு, நல்ல சட்டை போட்டுட்டு வா."

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான். முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை. மாலை 5.40. குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவன் கோபுரத் திரைக்கு முன்னால் நிற்கிறான்.

கதவில் மணி கட்டியிருக்கிறேன். பூனை நுழைந்தாலும் அடிக்கும். அடிக்கவில்லை.

குளித்திருந்தான். புது நீலச் சட்டை. தலைமுடியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சொட்... சொட்... எனக்கு நன்றாகக் கேட்டது. தரை காய்ந்திருந்தது.

இத்தனை நாளாக எங்கே போனாய் என்று கேட்டேன். கோட்டை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.

கேமராவில் கண்ணை வைத்தேன். ஃபோகஸ் அவன் முகத்தில் நிற்கவில்லை. ஜிக்... ஜிக்... ஒவ்வொரு தடவையும் அவனைத் தாண்டித் திரையில் போய் நின்றது. நடுவில் ஆளே இல்லாத மாதிரி.

கையால் திருகிச் சரிசெய்தேன். விரல் சில்லிட்டது.

ஆள் நிழல் திரையில் விழக் கூடாதென்று இருபத்திரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். என்ன செய்தாலும் கொஞ்சமாவது விழும்.

5.47. பளிச்...

விழவில்லை.

"இப்ப பாப்பா நம்புவா இல்லக்கா?"

பிறகு விலாசத்தைச் சொன்னான். கவரில் எழுதினேன். நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

மணியும் அடிக்கவில்லை.

படம் மட்டும் இருந்தது. தெளிவாக. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. என்னவோ ஏதோ, பிள்ளைக்காகக் கேட்டான், செய்துவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை காலை பிரிண்ட் போட்டு முதல் வேலையாகத் தபாலில் சேர்த்தேன்.

சனிக்கிழமை மதியம் அவனோடு ஒரே அறையில் இருந்தவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவன் இங்கே படம் எடுத்தானா, அவன் மனைவி ஒரு படமாவது அனுப்பச் சொல்கிறாள் என்றார். எதற்கு என்று கேட்டேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு முப்பத்தோராவது மாடியிலிருந்து விழுந்துவிட்டானாம். புதன்கிழமை உடலை ஊருக்கு அனுப்பினார்களாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம் முடிந்ததாம்.

நான் கேமராவிலிருந்த படத்தைக் காட்டினேன். அவர் படத்திலிருந்த சட்டையைத் தொட்டார்.

"இந்தச் சட்டை நாங்க வாங்கினதுங்க. புதன்கிழமை அவனைக் குளிப்பாட்டி நாங்கதான் போட்டுவிட்டோம்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து போன் வந்தது. பிரிண்டின் பின்னால் என் நம்பர் இருக்கும். பேசியது அவன் மனைவி. படம் வந்ததிலிருந்து மகள் அதைக் கையைவிட்டுக் கீழே வைப்பதில்லையாம். மூலையில் தேதியும் நேரமும் தானாக அச்சாகியிருக்கிறது. வியாழக்கிழமை, மாலை 5.47. காலையில் புதைத்தது அப்பா இல்லை, சாயங்காலம் அப்பா கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறாரே என்கிறாளாம். இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா வருவார் என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"தேதி தப்புன்னு நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

பாவம், அவன் மனைவி தேதி தப்பு என்றுதான் நினைத்திருக்கிறாள். கேமராவின் கடிகாரத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒரு நிமிஷம் பிசகில்லை. மகள் நம்ப வேண்டும் என்றுதானே அவன் அப்படி வந்து நின்றான்? அந்த நம்பிக்கையை என் வாயாலேயே உடைக்க வேண்டும்.

போனில் சின்னக் குரல். "அத்தை, தேதி தப்பா?"

"ஆமாம்மா. கேமரால தப்பா விழுந்திருச்சு."

"அப்ப எங்கப்பா என்னிக்கு வந்தாங்க?"

"ஞாயித்துக்கிழமைம்மா. வந்த உடனே எடுத்துட்டேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.