விரிசல் விடாத மண்

பெங்களூரின் கிழக்கு விளிம்பில், தள்ளு ட்ராலியில் அமர்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவது ரயில்பாதைப் பொறியாளரான என் வேலையின் ஒரு பகுதி. பனி விலகும் நேரத்தில் அது வேலையாகவே தோன்றாது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள். தைலமரங்களும் புதிய அடுக்குமாடிகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நழுவும். உறக்கத்தின் கரையோரமாகவே போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

அப்படிப் போன ஒரு காலையில், சிறு பாலம் ஒன்றை நெருங்கும்போது ட்ராலி மெல்லத் தாழ்ந்து எழுந்தது. இறங்கிப் பார்த்தேன். பாலத்தடி வாய்க்கால் அடைத்து, நீர் தேங்கி, தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளான ஸ்லீப்பர்களைத் தாங்கும் ஜல்லிக்குள் சேறு ஏறியிருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் அவை அமுங்கி எழுந்திருக்க வேண்டும். நிலையத்துக்குப் போன் செய்து, சீர்செய்யும்வரை எல்லா வண்டிகளும் அங்கே ஊர்ந்தே செல்ல வேண்டும் என்றேன்.

அந்தப் பகுதியின் பராமரிப்புக் குழுவில் ஒரு பெண் இருந்தார், கோலார் தங்கவயலில் பிறந்தவர். கொடியை எடுத்தபடியே சொன்னார்: “அடுத்தது தங்கவயல் வண்டி சார். எங்க வீட்டுக்காரர் அதுலதான் வர்றாரு. பீன்யா ஃபாக்டரியில லேட்டா போனா கேட்டுலயே நிறுத்திடுவாங்க.”

அந்த வண்டியில் அவர் கணவரைப்போல் எத்தனையோ பேர். உயிருக்கு முன் ஒரு நாள் வேலை பெரிதல்ல என்று முடிவுசெய்வது எனக்கு எளிது. என் முகத்துக்கு நேரே எந்த கேட்டும் மூடப்போவதில்லை.

“மெதுவாத்தான் போகணும். வேற என்னா பண்றது?” என்று அவரே முடித்துவிட்டு, மெதுவாக வரச்சொல்லும் சைகையாகப் பச்சைக் கொடியை மேலும் கீழும் நிதானமாக அசைத்து நின்றார்.

வண்டி ஊர்ந்து வந்தது. கதவோரம் நின்ற அவர் கணவர், “இன்னாமே, வூட்லதான் வெளிய வுட மாட்டேன்ற, இங்கயுமா?” என்றார். பெட்டியே சிரித்தது. கொடி மட்டும் அதே நிதானத்தில் அசைந்துகொண்டிருந்தது.

மதியம் அந்தக் கணவர் டிபன் பாக்ஸுடன் லைனோரமாக நடந்து வந்தார். “உள்ள வுடல. நாளைக்கும் லேட்டானா வரவே வாணாம்னுட்டான்.”

“அப்ப இன்னைக்கே முடிக்கணும்பா,” என்றார் குழுவில் ஒருவர். “இல்லன்னா இவரு டெய்லி நம்ம சோத்துல கை வைப்பாரு.”

உதவிக்குக் குனிந்த கணவரை அந்தப் பெண் தடுத்தார்: “நீ லைன்ல கை வைக்காத. அங்க போய் உக்காந்து சாப்புடு.”

வண்டிகளுக்கு இடையே வாய்க்காலைத் திறந்து, சேற்றை வாரி, புது ஜல்லி இட்டு, ஸ்லீப்பருக்கு அடியில் இடித்து இறுக்கினார்கள். பிறகு, ஸ்லீப்பரின் விளிம்பும் ஜல்லியும் சேருமிடத்தில் ஈர மண்ணை விரலால் பூசினார்கள். ஸ்லீப்பர் அசைந்தால் மண் விரிசல் விடும். அது அந்தக் குழுவின் வழக்கம்.

ஊர்ந்து போன அடுத்த வண்டிக்கு மயிரிழையாக ஒரு விரிசல். எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். “வுட்டிருக்கு. இன்னொரு வாட்டி இடிங்க,” என்றார் அவர். பொழுது சாய்வதற்குள் பூச்சு விரிசலில்லாமல் நின்றது. அளவுகளையும் சரிபார்த்த பிறகே வேகக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை அதே பனி. தங்கவயல் வண்டி முழு வேகத்தில் வந்தது. கதவோர முகங்கள் ஒரே நிறக்கோடாக இழுபட்டுப் போயின. அவர் கணவரை நான் தேடித் தோற்றேன். அந்தப் பெண்ணோ தேடவேயில்லை. சற்றுத் தள்ளிக் குந்தி, அந்த மண்பூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி கடந்தது. மண் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் எழுந்து, பனிக்குள் சிறுத்துக்கொண்டிருந்த வண்டியின் பக்கம் திரும்பினார்.