கூரைகளுக்கு நடுவே ஒரு களம்

மாத்தளை நகரில் திட்டமிடல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரதான வீதிக்கும் அதன் பின்னால் ஓடும் சந்துக்கும் இடைப்பட்ட பகுதியை அளக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. என்னோடு அளக்க வந்த சக ஊழியை அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். முன்னால் கடைகள், பின்னால் வீடுகள். கட்டடங்கள் எவ்வளவு நிலத்தை மூடியிருக்கின்றன, மாடிகளையும் சேர்த்தால் மொத்தத் தளம் எவ்வளவு, கால் வைக்க எவ்வளவு வெளி மிச்சம் என்று நாங்கள் கண்டறிய வேண்டும்.

வானிலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் வைத்து ஒவ்வொரு கூரையாக நிறம் தீட்டினேன். கடைசியில் படம் முழுக்கச் சிவப்பு. நடுவில் இருந்த பெரிய பழுப்புச் சதுரத்தையும் துருப்பிடித்த தகரக் கூரை என்றே நினைத்துத் தீட்டியிருந்தேன்.

"இங்க மூச்சு விடவே எடமில்ல போல" என்றேன்.

"எங்கட சந்துல பிள்ளைங்க த்ரீவீலருக்கு நடுவுலதான் பந்து அடிக்கிறாங்க. இது படம் பாத்துத்தான் தெரியணுமா?" என்று சிரித்தாள்.

படத்தை மட்டும் நம்ப முடியாது. கூரை சுவருக்கு வெளியே நீண்டிருக்கும். நிழல் கட்டடம் போலத் தெரியும். அதனால் அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம். பழுப்புச் சதுரத்தை மட்டும் நெருங்க முடியவில்லை. சுற்றிலும் உயர்ந்த மதில். ஒரு துணிக்கடையின் பின்கதவு வழியாகத்தான் உள்ளே போகலாம் என்றார்கள்.

கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கூரை இல்லை. தூணும் இல்லை. காய்ந்த இலைகள் மூடிய விசாலமான சீமெந்துத் தரை மட்டும் பரந்து கிடந்தது. ஒரு காலத்தில் மிளகும் கராம்பும் காயப்போட்ட களம்.

"சின்ன வயசுல இந்த மதிலுக்கு அங்கிட்டிருந்து கராம்பு வாசம் வரும். ஸ்டோருன்னுதான் நெனச்சிருந்தேன்" என்றாள்.

நாடாவின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துவிட்டு மறு முனையோடு ஓடினேன். ஆமாம், ஓடினேன். அளந்து முடித்தபோது உடம்பெல்லாம் வியர்வை. அந்தப் பகுதியில் நாங்கள் அதுவரை சில்லறையாகக் கூட்டிவைத்திருந்த எல்லா முற்றங்களையும்விட இந்த ஒரு களம் பெரியதாக இருந்தது.

கடையும் களமும் ஒரே ஹாஜியாருடையவை. அதைச் சந்துக்காரர்களுக்குத் திறந்துவிடலாமே என்று சந்தோஷமாக அவரிடம் போய்ச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல வெசயம்தான் மகள்மாரே. ஆனா அதுல நாலு மாடி கட்டப் போறேன். பிளான் போட்டாச்சு."

எங்கள் உற்சாகம் அப்படியே வடிந்தது. கட்ட அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய பிளானை வாங்கிப் பார்த்தேன். அவருக்குத் தேவை நிலமல்ல, தளம். அந்தத் தளத்தை முன்னாலிருக்கும் அவருடைய ஒற்றைத் தளத் துணிக்கடையின் மேலேயே ஏற்ற முடியாதா? காகிதத்தில் நாலு மாடிகளையும் தூக்கிக் கடைமேல் வைத்து வரைந்தேன். மொத்தத் தளம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. கீழே களம் தப்பியது. அதைக் கண்ட மகிழ்ச்சியில் மேசையைத் தட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தேநீரைச் சிந்தினார்.

ஹாஜியார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இது வெளங்குறதில்ல."

"அப்ப வாங்க மாமா, மேல போய்ப் பாப்போம்" என்றாள் அவள். சந்துக்காரி என்பதால் அந்த உரிமை அவளுக்கு இருந்தது.

பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி இருக்கும் மொட்டை மாடிக்கு மூவரும் ஏறினோம். மலையடிவாரம்வரை தகரமும் ஓடும் கொங்கிரீட்டும்தான். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே தன் களத்தையும், அதையொட்டிய சந்தில் வாகனங்களுக்கு ஒதுங்கி நின்ற பெண்களையும் பார்த்தார்.

"வேற எங்கயுமே எடமில்லையா?"

"நாங்க அளந்த வரைக்கும் இல்ல, ஹாஜியார்" என்றேன்.

"கடைட அத்திவாரம் தாங்குமா? அத இஞ்சினியர்ட்ட கேட்டுட்டு வாங்க. பொறவு பேசுவோம்."

பொறியியலாளர் வந்து சோதித்தார். இன்னும் மூன்று மாடிதான் தாங்கும் என்றார். நான் வரைந்ததில் ஒரு மாடி போய்விட்டது. ஹாஜியார் விட்டுக்கொடுப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவர் தன் மகன்மாரோடு இரண்டு வாரம் வாதாடிவிட்டு அலுவலகத்துக்கே வந்தார்.

"ஒரு மாடி கொறையுது, பரவால்ல. களத்துல பாதி என்ட வாகனங்களுக்கு. மத்தப் பாதிக்கு சந்துப் பக்கம் கேட் வெப்பேன். ராவைக்குப் பூட்டிருவேன்."

பாதிதான். ஆனாலும் நானும் அவளும் அலுவலகம் என்பதையும் மறந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். அவர் வெட்கத்தோடு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட் திறந்த பின்னேரம் நாங்களும் போயிருந்தோம். சந்துப் பெண்கள் உட்கார வீட்டுக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே போடுவதென்று தெரியாமல் நடுத்தரையில் நின்றார்கள். என் தோழியின் உம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடான சீமெந்தில் ஒரு சுற்று நடந்தார். பிறகு இன்னொரு சுற்று.