விலா எலும்புகளுக்கு நடுவே

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, திருவொற்றியூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலை எனக்கு. முதல் வாரத்தில், மதிய நேரத்தில், நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது தோளிலிருந்து கைவரை வலி என்றார்.

கை கால்களில் கிளிப் மாட்டினேன். நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்களைப் பொருத்த வேண்டும். ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றச் சொல்ல எனக்குக் கூச்சம். துணி மறைக்காத இடமாகப் பார்த்து, மேலே தள்ளி வைத்துவிட்டேன்.

காகிதத்தில், நெஞ்சுக்கான முதல் மூன்று பதிவுகளில் மேலே எழ வேண்டிய கோடு எழவில்லை. பழைய மாரடைப்பு என்று பாடத்தில் படித்திருந்தேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாக உள்ளுக்குள் மகிழ்ச்சிகூட இருந்தது.

"உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கும்மா" என்றேன்.

"இன்னா நைனா சொல்ற? எனக்குத் தெரியாமயா வந்துட்டுப் போச்சு?"

சிலருக்குத் தெரியாமல் வரும் என்றேன். கூடை தூக்க வேண்டாம், மூன்று நாள் கழித்துப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அந்தக் காகிதத்தை அன்று யாரிடமும் காட்டவில்லை.

மூன்றாம் நாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். முகம் வாடியிருந்தது. பெரிய டாக்டரான எங்கள் பேராசிரியை காகிதத்தைப் பார்த்ததும், "யார் எடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். திரையை இழுத்துவிட்டு, ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லி, விலா எலும்புகளை விரலால் எண்ணி, நான்காவது இடைவெளியில் முதல் குமிழை வைத்தார். கோடு ஒழுங்காக எழுந்தது. ரத்தப் பரிசோதனையும் இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் சரியாகவே இருந்தன. தோளைப் பின்னால் திருப்பியபோதுதான் அந்த அம்மா வலியில் முனகினார். பாரம் சுமந்த தோள்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் பேராசிரியை.

குமிழைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன், உங்கள் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். மகளுக்குக் கோபம். "மூணு நாளா அம்மா சோறு துன்னல சார். தூங்கசொல்ல மூச்சு கீதான்னு நாங்க பாத்துகினு கெடந்தோம்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா கொக்கிகளை மாட்டியபடி கேட்டார்: "ஏன் நைனா மேல வெச்ச?"

"கழட்டச் சொல்ல கூச்சமா இருந்துச்சும்மா."

"வைத்தியம் பாக்க வந்தவகிட்ட இன்னா கூச்சம்? கேட்டிருந்தா கழட்டியிருப்பேன்."

திட்டுவதுபோல இல்லை, தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னார். தோளுக்கான பயிற்சிகளைக் கேட்டுக்கொண்டு, மகளுடன் பஸ் பிடிக்கப் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

அந்த மாதம் முழுக்க நான் எடுத்த ஒவ்வொரு பதிவையும் பேராசிரியையிடம் காட்டிய பிறகே நோயாளியிடம் பேசினேன். இப்போது யாரும் என்னைச் சரிபார்ப்பதில்லை. ஆனாலும் விலா எலும்பை எண்ணாமல் குமிழை வைப்பதில்லை.